அறுபது ஆகாத மானேஜர்

எனக்குப் பென்ஷன் வர ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. மாதாமாதம் அதை வாங்கிக்கொண்டு வரும்போது, கையில் இருக்கும் தொகையோடு, இருந்திருக்க வேண்டிய தொகையும் கூடவே நடந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு மனிதர். அவர் மாம்பலத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். அவர் நீடூழி வாழ வேண்டுமென்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சீக்கிரம் போய்விட்டால் அவர் படவேண்டியதில் பாதி பாக்கி நின்றுவிடும்.

அவர் எங்கள் ஆபீஸ் மானேஜர். நான் அவருக்கு அடுத்த ஸ்தானம். அதாவது, இருபது வருஷமாக நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். பத்திரிகைகளில் நான் வேடிக்கையாக ஏதாவது எழுதுவது அவருக்குத் தெரியும். என்னைப் பற்றித் துரைக்கு அனுப்பும் ரகசிய ரிப்போர்ட்டில் வருஷா வருஷம் "விளையாட்டுப் புத்தி" என்று ஒரு குறிப்புச் சேர்ப்பார். அந்த ரிப்போர்ட்டையும் சுத்தப் பிரதி எடுத்தவன் நான்தான்.

சர்க்கார் உத்தியோகத்தில் ஐம்பத்தைந்தாவது வயதில் ஓய்வு. கடைசி மூன்று வருஷச் சம்பளத்தின் சராசரியில் ஏறக்குறைய பாதி பென்ஷன். ஆகவே ஒரு குமாஸ்தா முப்பது வருஷம் எப்படி உழைத்தான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கடைசி மூன்று வருஷம் அவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்பதுதான் அவனுடைய முதுமை. ஆபீஸ் ரிஜிஸ்தர்படி மானேஜர் என்னைவிட மூன்றரை வயது பெரியவர். அவர் போனால் மூன்றரை வருஷம் அந்த நாற்காலி எனக்கு. அந்தச் சம்பளத்தில் மாம்பலத்தில் ஒரு மனை, அந்தப் பென்ஷனில் சாகும்வரை சோறு என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

மனை என் மனைவியின் ஆசை. மயிலாப்பூரில் நாங்கள் இருப்பது நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு உள்ள வீடு. "சொந்தக் கிணத்துல ஒரு குடம் ஜலம் சேந்திட்டுச் செத்துப் போனாக்கூடப் போறும்" என்பாள். ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் மனை போட்டு விற்க ஆரம்பித்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வண்டிக்காரன் சவுக்கால் சுற்றிக் காட்டினான்.

"இன்னா சாமி, ஏரியிலயா ஊடு கட்டப் போறே? மழை வந்தா வாசல்ல குந்திக்கினே மீன் புடிக்கலாம்."

"நான் மீன் தின்கிறவன் இல்லையப்பா."

"அப்ப வித்துக்கோ சாமி. பென்சனுக்குப் பென்சன் ஆச்சு."

மீன் கணக்கைச் சேர்க்காமலே ஒரு மூலை மனை எனக்குப் பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்தது, இரண்டு பக்கமும் ரோடு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டு மானேஜர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன விசேஷம் ஓய்?"

சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கம், எந்தத் திசை, தண்ணீர் எத்தனை அடியில். என்னிடம் யாராவது ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேட்டால் நான் இளகிப்போகிறவன். சர்க்கார் காகிதத்தின் பின்பக்கத்தில் படமே போட்டுக் கொடுத்தேன்.

"பேஷ்! ஆனா வெள்ளிக்கிழமை துரை கேம்ப் கிளம்பறார். நீர் இல்லாம முடியாது. திங்கக்கிழமை போமே. மனை எங்கே ஓடிடப் போறது?"

திங்கட்கிழமை போனேன். மனை ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே மானேஜரின் மாப்பிள்ளை வந்து பணம் கட்டிவிட்டுப் போயிருந்தார். நான் போட்ட படம் அவர் கையில் இருந்ததாம்.

ஆபீஸில் மானேஜர் என்னைப் பார்த்து, "அடடா, நீர் நிச்சயமே பண்ணிட்டீரா? எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். இரண்டு மாதம் கழித்து, வீட்டுப் பிளானை அங்கீகரிக்கும்படி முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். என்னிடம் உள்ள கேவலங்களில் முதலிடம் அதற்குத்தான்.

போகட்டும், நாற்காலி இருக்கிறதே என்று இருந்தேன். மனைகள் இன்னும் இருந்தன. அவருக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, துரையின் அறை வாசலில் நிற்கும் பியூன் என் மேஜையருகே வந்து குனிந்தான்.

"சாமி, உனுக்கு ஒரு சேதி கீது. மேனேசர் போவல. மூணு வருசம் எக்ஸ்டென்சன் கேட்டுக்கீறாரு. தொரையும் தலையாட்டிட்டாரு."

மூன்று வருஷம்! எனக்கு மிஞ்சுவது ஆறு மாதம். வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே காய்ச்சலில் படுத்திருப்பான். நான் அவருடைய எக்ஸ்டென்ஷன் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, "தேக திடம்" என்ற இடத்தில் விட்டுப்போயிருந்த ஒரு கமாவைப் போட்டேன்.

அடுத்த வாரம் என் தகப்பனாருக்குச் சிராத்தம். எங்களுக்கும் மானேஜர் வீட்டுக்கும் ஒரே வாத்தியார்தான். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "வர மாசம் பதினெட்டாம் தேதி நான் வேற எங்கேயும் வரதுக்கில்லை. மாம்பலத்துல, உங்க மானேஜர் ஆத்துல சஷ்டியப்தபூர்த்தி. பிள்ளைகள்லாம் பம்பாயிலேர்ந்தும் நாக்பூர்லேர்ந்தும் வரா. ஆபீஸ் மனுஷாளுக்குச் சொல்லலையாம். உங்களுக்கு நான் சொன்னதாக் காட்டிக்க வேண்டாம்."

அறுபது வயது பூர்த்தியானால் அதே மனைவிக்கு மறுபடி தாலி கட்டும் கல்யாணம் அது. ஆபீஸ் ரிஜிஸ்தரில் மனிதருக்கு ஐம்பத்து நாலு! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பையன் வயதில் ஒன்றிரண்டைக் குறைத்து எழுதுவது அந்தக் காலத்துத் தகப்பனார்கள் பிள்ளைகளுக்கு வைத்துப் போன சொத்து. என் தகப்பனாரும் எனக்கு இரண்டு வருஷம் வைத்துப் போயிருக்கிறார். ஆனால் ஐந்தாறு வருஷத்தை விழுங்குவதற்கு ஒரு தனி வயிறு வேண்டும். அவரை மாட்டிவிடும் சந்தோஷத்தில் என்னுடைய இரண்டு எனக்கு மறந்தே போய்விட்டது.

துரைக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதினேன். இடது கையால், கொட்டை எழுத்தில். மொட்டைப் பெட்டிஷன் என்றால் நாலு வரி போதும். நான் நாலு பக்கம் எழுதினேன். மூன்று தடவை திருத்தித் தபாலில் போடுவதற்குள் அடுத்த மாதம் பத்துத் தேதி தாண்டிவிட்டது. "சர்க்கார் புத்தகத்தில் ஐம்பத்து நாலு, அக்கினிக்கு முன்னால் அறுபது, இந்த வேகத்தில் பின்னால் போகிறவருக்கு மூன்று வருஷ எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் முடிவில் அவரை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க நேரிடும்" என்ற இடத்தை எழுதிவிட்டு நானே தனியாகச் சிரித்தேன். கையெழுத்துத்தான் போடவில்லை. மற்றபடி ஒவ்வொரு வரியிலும் நான் உட்கார்ந்திருந்தேன்.

தபால் வந்த அன்று துரை அறைக்குள் வாய்விட்டுச் சிரித்ததாகப் பியூன் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் ஆபீஸில் எவர்மேல் பெட்டிஷன் வந்தாலும், விளக்கம் கேட்டு அவருக்கே அனுப்புவதுதான் வழக்கம். இருபது வருஷமாக அந்தக் குறிப்பை எழுதி அனுப்பி வந்தவனே நான். மத்தியானம் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் என் நாலு பக்கம் இருந்தது.

"உட்காரும். இதைப் படியும்."

படிப்பதுபோல் பாவனை செய்தேன். என் எழுத்தை நானே முதல்தடவை படிப்பதாக நடிப்பது லேசான காரியமில்லை.

"எப்படி இருக்கு?"

"அபாண்டம் சார்."

"அபாண்டம் இருக்கட்டும். இங்கிலீஷ் எப்படி?"

"பரவாயில்லை."

"என்னங்காணும் பரவாயில்லைங்கறீர்? ஜோரா எழுதியிருக்கான். பதில் அதுக்குக் குறைஞ்சு இருக்கப்படாது பாரும், அதனால நீர்தான் டிராப்ட் போடணும்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம், வாத்தியாரைப் பார்த்தேன். என் ஆத்து விஷயம் உம்மாத்துல வாய் தவறி வந்துடுத்துன்னு ஒரே புலம்பல். அதே வாயாலே உம்ம ஜாதகத்தையும் சொன்னார். உமக்கு ரெண்டு வருஷம்தானாமே? சின்னத் தொகை. நான் யாரண்டையும் சொல்லப் போறதில்லை. சாயங்காலத்துக்குள்ள டிராப்ட் வரணும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மறுத்தால் அவரோடு சேர்ந்து நானும் இரண்டு வருஷம் முன்னதாக வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எழுதினால் அவருக்கு எக்ஸ்டென்ஷன், எனக்கு ஆறு மாதம். நாற்காலி போய்விட்டது என்பது அந்த நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. போனதற்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றியது.

நன்றாகவே எழுதினேன். பள்ளிக்கூட சர்டிபிகேட், ரிஜிஸ்தர், முப்பத்திரண்டு வருஷ நற்சேவை, பொறாமைக்காரர்கள் என்று ஐந்து பாரா. பிறகு ஆறாவது பாராவாக ஒரே ஒரு வரி: "பெட்டிஷனில் குறிப்பிட்ட வைபவம் என் இல்லத்தில் நடக்கப் போவதுமில்லை, நடத்த உத்தேசமுமில்லை என்று உறுதி கூறுகிறேன்."

மானேஜர் ஐந்து பாராவையும் தலையை ஆட்டிக்கொண்டே படித்தார். ஆறாவதில் தலை நின்றுவிட்டது.

"இது அவசியமா ஓய்?"

"வயசைப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் துரை நம்பலாம், நம்பாமலும் போகலாம் சார். ஆனா கல்யாணம் உண்டா இல்லையாங்கறதைப் பதினெட்டாம் தேதி ஒரு பியூனை அனுப்பினாத் தெரிஞ்சுக்கலாமே. அதைச் சொல்லாம விட்டா விளக்கமே இல்லேன்னு நினைச்சுப்பார்."

"பிள்ளைகள்லாம் ரயில் ஏறியாச்சு ஓய்."

"வேணும்னா அந்தப் பாராவை எடுத்துடறேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் எழுதிய ஒன்றை அவர் உண்மையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். பேனாவை இரண்டு தடவை மையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் ஒற்றுத்தாளை மெதுவாக அழுத்தி எடுத்தேன்.

எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. பதினெட்டாம் தேதி நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு மாம்பலம் போனேன். என் மூலை மனையில் அவர் வீடு ஜம்மென்று நின்றது. வாசலில் பந்தலுக்குத் தோண்டிய நாலு குழிகளை மூடியிருந்தார்கள். புது மண் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் வராந்தாவில் ஆளுக்கொரு பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் ரோட்டு மரத்தடியில் நின்று கால் மணி நேரம் பார்த்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்காக மூன்று வருஷச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறேன், அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

வாத்தியார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. என் மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மெச்சுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மாமி உங்களை என்ன பண்ணினா?" என்று கேட்டாள்.

நான் காபி கேட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். நான் ஆறு மாதம் மானேஜராக இருந்துவிட்டு வெளியே வந்தேன். பென்ஷன் அதற்குத் தகுந்தாற்போலத்தான் வந்தது. மாம்பலத்தில் மனை விலை இப்போது விசாரிக்கவே பயமாக இருக்கிறது. மின்சார ரயில் வேறு வந்துவிட்டது. என் மனைவி இன்னும் நாலாவது ஆளாகக் கிணற்றங்கரையில் நிற்கிறாள். மானேஜர் வீட்டில், நின்றுபோன கல்யாணத்தை இப்போதாவது நடத்த முடியுமா என்று வாத்தியாரைக் கேட்டார்களாம். காலம் தப்பிவிட்டது, இனிமேல் எழுபதுக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்ட அன்று நான் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

என் நிஜ அறுபது வருகிற வருஷம். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி எந்தத் துரைக்கும் பயமில்லை. என் திட்டங்களில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இருநூறு பத்திரிகை அச்சடிக்க வேண்டும், வயதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும், முதல் பத்திரிகையை மாம்பலத்துக்கு நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, கபாலி கோயில் குளத்தங்கரையில் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு அம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். மானேஜரின் மனைவி. இளைத்திருந்தாள்.

"சௌக்கியமா? நீங்க எழுதின கடுதாசியை அவர் இன்னும் பெட்டியில வெச்சிண்டிருக்கார். வரவா கிட்டல்லாம் எடுத்துக் காட்டி, என்னமா எழுதியிருக்கான் பாருங்கோம்பார்."

"எந்தக் கடுதாசி?" என்றேன்.

"ரெண்டும்தான்." பூக்காரியிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். "உங்களுக்கு வர வருஷம் அறுபதாமே, வாத்தியார் சொன்னார். நாங்க ரெண்டு பேரும் வரோம். உங்காத்துல சொல்லி வையுங்கோ, தாலி கட்டறச்சே மூணாவது முடிச்சை நான் போடறேன்."

அவள் முகத்தில் விஷம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

பந்தல்காரனுக்கு அச்சாரம் கொடுக்கவில்லையா என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி வருகிறேன். மானேஜர் வரட்டும், முன் வரிசையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசவும் நான் தயார். அந்த அம்மாள் எழுந்து மணைப் பக்கமாக நடந்து வரும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.