ஓகே பீஸ்

வீரபாண்டியில் அம்மா ஓவர்லாக் தையல் அடித்த பனியன் கம்பெனிக்குள்ளேயே, என்னைப் போன்ற வாண்டுகளுக்கு ஒரு பால்வாடி இருந்தது. முறையாகப் படித்த டீச்சர், சம்பளம் கூட என்று அதே கம்பெனி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் தட்டப் போய்விட்டார். காலி நாற்காலியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையருகே நின்றுகொண்டிருந்த என் அத்தையை முதலாளி உட்கார வைத்தார். செக்கிங்கில் 'ஏய்' என்று கூப்பிட்டவர்களெல்லாம் 'டீச்சரம்மா' என்றார்கள். அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாடம் நடத்த அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். எங்களை வரிசையாக நிறுத்தி, முன்னே பின்னே திருப்பி, அழுக்கு, கிழிசல், பிசிறு பார்ப்பார். தேறியவன் 'ஓகே பீஸ்'. மூக்கு ஒழுகினால் 'ஆல்டர்'. குழாயடிக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். நான் நிரந்தர ஆல்டர்.

ஒருநாள், பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஒரு மேடம் ஆடிட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற டீச்சர் இல்லையென்றால் ஆர்டர் போய்விடுமாம். பழைய டீச்சரை அவசரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அத்தை என் காதைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

"கண்ணு, இன்னிக்கி அவங்கதான் டீச்சரு. கேட்டா அப்படியே சொல்லோணும். இல்லீன்னா அத்தைக்கு டீச்சர் வேலை போயிரும்."

அத்தை டீச்சராகவே இருக்க வேண்டுமென்றால், அத்தை டீச்சர் இல்லை என்று சொல்ல வேண்டும். என் தலை சுற்றியது.

மேடம் நேராக என்னிடம்தான் வந்தார். என் முகத்தில் அறிவுக்களை தெரிந்திருக்கும்.

"உங்க டீச்சர் யாரு தம்பி?"

பழைய டீச்சரைக் காட்டினேன். அத்தைக்கு மூச்சு வந்தது.

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

இதற்கு என்னை யாரும் தயார்ப்படுத்தவில்லை. மேடத்தின் துப்பட்டாவைப் பிடித்து முன்னே பின்னே திருப்பினேன். ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது.

"பிசிறு இருக்குதுங்க. ஆல்டர்" என்றேன்.

மேடம் சிரித்தார். பிறகு, "இது எந்த ட்ரெயினிங்ல வருது?" என்று பழைய டீச்சரைக் கேட்டார். டீச்சர் அத்தையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரமே டீச்சர் நிஜமாகவே பால்வாடிக்குத் திரும்பினார். அத்தை செக்கிங் மேஜைக்கு. டீச்சர் பலகையில் 'அ' எழுதிவிட்டு, சன்னல் வழியே ஆபீசைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். சாயங்காலம் அத்தையிடம் ஓடினால், அவரும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கத்தை அழுவறீங்க?"

"அழுவலைடா. பஞ்சு உளுந்திருச்சு."

செக்கிங்கில் பஞ்சு பறக்கும், நியாயம்தான். பால்வாடியில் டீச்சர் கண்ணுக்குள் அது எப்படிப் போனது என்பதுதான் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.