கொய்யா வாளும் கேள்வி கேக்கிறவங்களும்

வாள் சண்டை பழகுறவனுக்கு அடி வாங்குற நேரத்தைவிடப் பதில் சொல்ற நேரம்தான் அதிகம். "இது எதுக்கு?", "யாரோட சண்டை?", "இதுல என்னத்தக் கண்டீங்க?" இந்த மூணு கேள்விக்கும் நாலு வருசமா பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னும் ஒருத்தரும் ஒத்துக்கிட்ட பாடில்லை. புறா வளர்க்கிறவங்க, மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க, வீட்டுல ஏச்சு வாங்கிக்கிட்டே ஒரு பழக்கத்தை விட முடியாம தவிக்கிறவங்க, நீங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்கதான். உங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

நான் கரவனெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவன். விடியும்போதே மரத்தடிக்குப் போயிருவோம். பகல் சோத்துக்கு முன்னாடி பாலைக் கொண்டுபோய் ஊத்திட்டா வேலை முடிஞ்சது, மத்தியானம் சும்மா. அந்தச் சும்மாதான் என்னைக் கெடுத்துச்சு. ஒரு நாள் பழைய புகைக்கூடத்துப் பக்கம் போனேன். முந்தி ரப்பர் ஷீட்டைப் புகையில காயப்போட்ட கூடம், இப்ப சும்மா கிடக்கு. உள்ளுக்க எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சுகந்தன் சார் தனியா நின்னு, ஒரு கம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு வீசிக்கிட்டிருக்காரு. யாழ்ப்பாணத்துல இருந்து மாற்றலாகி வந்த மனுசன், என்னைவிடப் பத்து வயசு இளசு. சரிதான், பேய் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.

அவரு கொஞ்சமும் வெக்கப்படல. அறுநூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் இப்படி நீள வாளை வச்சுத்தான் சண்டை போட்டானாம். அதைப் படம் போட்டுப் புத்தகமா எழுதி வச்சிருக்கானாம். கொழும்புல படிக்கிற காலத்துல நாலு பேரு சேர்ந்து அதைப் பார்த்துப் பழகினாங்களாம். இங்க எதிர்த்து நிக்க ஆள் இல்லாம கஷ்டப்படுறாராம். "மரத்திலை படாமல் பட்டையை மட்டும் சீவிற கை உங்கட கை, அண்ணை. உங்களுக்கு இது சுகமா வரும்" அப்படின்னாரு. புகழ்ந்து பேசினா யாரு விழமாட்டா? நான் விழுந்துட்டேன்.

விறகு

முதல் வாளை நானே செஞ்சேன். ரப்பர் தோட்டத்துல மரத்துக்கா பஞ்சம்? காத்துல விழுந்த மரம் ஒண்ணைப் பார்த்து, நல்ல பலகையா வெட்டி, மூணு நாளா மத்தியானம் பூரா உக்காந்து இழைச்சேன். பார்க்க அழகா இருந்துச்சு. புஷ்பம், அதான் என் சம்சாரம், அவளும் பால் வெட்டுறவதான், "சப்பாத்திக் கட்டை செய்றீங்களா?"ன்னு ஆசையா கேட்டா. ஆமான்னுட்டேன். அதுதான் நான் செஞ்ச முதல் பிழை.

ரெண்டாவது பிழை, அதைச் சாரோட வாளுக்கு எதிரா வீசினது. ஒரே மோதல். பாதி வாள் என் கையில, மீதி புகைக்கூடத்து மூலையில. ரப்பர் மரம் பாலுக்குத்தான் பெரிசு, பலத்துக்கு இல்லைன்னு தெரிஞ்சிருந்தும் என் புத்தி வேலை செய்யல. சார் மூலையில கிடந்த துண்டைக் குனிஞ்சு எடுத்தாரு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாரு. ரொம்ப மரியாதையா சொன்னாரு: "அண்ணை, இதை வைச்சுச் சண்டை பிடிக்கேலாது. தேத்தண்ணி வேணுமெண்டால் வைக்கலாம்."

ஒட்டுப்பால்

அடுத்த வாள் கொய்யா மரம். இன்னைக்கு வரைக்கும் அதுதான் என் வாள். முனை குத்திரக்கூடாதுன்னு எதையாவது மெத்தையா சுத்தணும். துணி சுத்தினா கிழிஞ்சு போகுது. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மரத்துல வெட்டின கோட்டுல பால் காஞ்சு நாடா மாதிரி ஒட்டிக்கிட்டிருக்குமே, அதுக்குப் பேரு ஒட்டுப்பால். அதைச் சுத்தினேன். பந்து மாதிரி மெத்துன்னு இருந்துச்சு.

ஆனா அது ஈரம் பட்டா நாறும். சும்மா நாத்தம் இல்லீங்க, கல்யாண வீட்டுல பந்தியைக் கலைச்சிரும். எங்களுக்கு மூக்கு செத்துப் போச்சு, தெரியல. நிமலுக்குத் தெரிஞ்சிருச்சு. நிமல் எங்ககூடப் பழக வந்த மூணாவது ஆளு, வரக்காப்பொலயில ஆட்டோ ஓட்டுற சிங்களவரு. சண்டையைவிட வேசத்துலதான் அவருக்குப் பிரியம். உரப்பையில சட்டை தைச்சு, வெள்ளிப் பெயின்ட் அடிச்சு, பழைய காலத்து வீரன் மாதிரி வந்து நிப்பாரு. அன்னைக்கு மழை. நான் வாளை நீட்டினதும் தலைக்கவசத்தைக் கழட்டினாரு, மூக்கைப் பொத்தினாரு, தெரிஞ்ச தமிழ்ல சொன்னாரு: "அனே அண்ணே, நீங்க அடிக்க வேணாம். கிட்ட வந்தா போதும், நான் தோத்துட்டேன்."

நல்ல பொய்

ஒரு தடவை ஆட்டோவுல மூணு வாள், ரெண்டு கவசம், ஒரு கேடயத்தோட போய்க்கிட்டிருந்தோம். ரோட்டுல போலீஸ் மறிச்சாங்க. நம்ம நாட்டுல ஆட்டோவுல வாள் இருந்தா அது சின்ன விசயமா? எனக்குக் காலு கை ஓடல. நிமல்தான் இறங்கி, சிங்களத்துல ஆதியோடந்தமா எல்லாத்தையும் சொன்னாரு. வெள்ளைக்காரன், அறுநூறு வருசம், படம் போட்ட புத்தகம், கணக்கு வாத்தியார், ரப்பர் தோட்டம், கொய்யா மரம், ஒண்ணும் விடல.

போலீஸ்காரர் பொறுமையா கேட்டாரு. வாளைத் தூக்கிப் பார்த்தாரு, முனையை மோந்து பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சாரு. அப்புறம் எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டுச் சிங்களத்துல சொன்னது இதுதான்: "பொய் சொல்ற ஆளுங்கன்னா இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பீங்க. சரி, போங்க."

செத்தவருக்குப் பொங்கல்

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல ஒரு சண்டை காட்டச் சொன்னாங்க. கோயில் தலைவர் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியில யாரு சாகுறது?" சாவு இல்லாத சண்டையைச் சனம் பார்க்காதாம். நிமல் உடனே கையைத் தூக்கிட்டாரு. ஒரு வாரமா செத்துப் பழகினாரு.

காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல சண்டை. நான் ஒரு வெட்டு வெட்டினேன். நிமல் அப்படியே முழங்கால் போட்டு, வானத்தைப் பார்த்து, சிங்களத்துல நாலு வார்த்தை பேசி, பக்கமா சாஞ்சு, திரும்ப எந்திரிச்சு, இன்னொரு தடவை சாஞ்சாரு. சனத்துக்கு ஒரே சந்தோசம். அப்புறம் மேளம் ஆரம்பிச்சிருச்சு, பூசை ஆரம்பிச்சிருச்சு. இந்த மனுசன் மட்டும் எந்திரிக்கிறதா இல்லை. பூசை முடியட்டும், செத்தவன் நடுவுல எந்திரிச்சா மரியாதை இல்லைன்னு கிடக்காரு. பூசாரி கற்பூரத் தட்டோட சுத்தி வந்தவரு, அவரு தலைமாட்டுல நின்னு குனிஞ்சு சொன்னாரு: "செத்தவங்க எந்திரிச்சு வந்து பொங்கல் வாங்கிக்கங்க தம்பி, ஆறிப் போகுது."

கம்பளியும் கட்டை விரலும்

இது வரைக்கும் சிரிச்சாச்சு. இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

அடி தாங்க மெத்தைச் சட்டை வேணும்னு, வீட்டுல மடிச்சு வச்சிருந்த கம்பளியை வெட்டிட்டேன். அது புஷ்பத்தோட கம்பளி. அவ என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. அந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள சாரோட வாள் என் வலது கட்டை விரல்ல இறங்கிருச்சு. விரல் வாழைப்பூ மாதிரி வீங்கிருச்சு. பால் வெட்டுற கத்தியைப் பிடிக்க முடியல. நாலு நாளு என் பங்கு மரத்தையும் புஷ்பமே வெட்டினா. அவ மரத்தை முடிச்சிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்து என் மரத்தை வெட்டுவா. நான் சிரட்டையைக் கவுத்துப் பால் சேர்த்துக்கிட்டு ஒரு கையால பின்னாடியே போவேன். உண்மையைச் சொல்றேன், அந்த நாலு நாளும் அவ முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

அஞ்சாம் நாள்தான் பேசினா. அடுத்த மாசம் சாரோட கொழும்புக் கூட்டாளிங்க வர்றதா இருந்துச்சு. புகைக்கூடத்துல போட்டி. அது அவளுக்கும் தெரியும். நான் எதுவும் கேக்கிறதுக்கு முன்னாடி அவளே கணக்கை முடிச்சிட்டா: "வாறவங்களோட ஒரு தடவை ஆடுங்க, நானே வந்து பார்க்கிறேன். தோத்தா அத்தனை கம்பும் அடுப்புக்கு, அதோட இந்தப் பேச்சே இருக்கக்கூடாது."

நான் சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது? நாலு நாளு என் மரத்தை வெட்டினவகிட்ட என்ன வாயைத் திறக்கிறது? ஆனா அன்னைக்குச் சாயந்தரம் அந்தக் கொய்யா வாளைத் துடைச்சு வச்சவன், திரும்ப எடுத்து இன்னொரு தடவை துடைச்சேன். காலையில இருந்து பால் வாளி தூக்குறவனுக்கு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் வேற ஒரு ஆளா இருக்கக் கிடைச்ச இடம் அது ஒண்ணுதாங்க.

அது மரம் இல்லீங்க

ஞாயித்துக்கிழமை வேன்ல நாலு பேரு வந்தாங்க. எனக்கு எதிரா நின்னது கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற, கண்ணாடி போட்ட ஒரு தம்பி. ஒல்லியான ஆளு. ஊதினா விழுந்திருவான்னு நெனச்சேன். முதல்ல அஞ்சு அடி தொடுறவங்கதான் ஜெயிச்சவங்க, அதுதான் கணக்கு. புஷ்பம் வாசல்ல ஒரு பால் வாளியைக் கவுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல ஒரு சாக்கு. தோத்தா கம்புகளை அள்ளிக்கிட்டுப் போக.

முதல் அடி அவனுக்கு. ரெண்டாவதும் அவனுக்கு. மூணாவதும். ஒவ்வொரு தடவையும் நான் கால் வைக்கப்போற இடத்துல அவன் வாள் எனக்கு முன்னாடியே வந்து நிக்குது. மந்திரம் பண்றானான்னு பார்க்கிறேன். "நிதானம் அண்ணை, நிதானம்" அப்படின்னு சார் சொல்றாரு. நிதானமாத்தான் அடி வாங்கிக்கிட்டிருக்கேன். நிமல் கண்ணை மூடிட்டாரு.

நாலாவது தடவை வாளைத் தூக்கினேன். வாசல்ல இருந்து ஒரு சத்தம், எங்க லயத்து வீடுங்க முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏங்க! அது மரம் இல்லீங்க! அந்தப் பக்கமா சுத்துங்க!"

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. பால் வெட்டுற கோடு இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்கும். கத்தியை இழுக்க இழுக்கக் காலும் மரத்தைச் சுத்தி வலப்பக்கமாவே நகரும். இருபது வருசமா, ஒரு நாளைக்கு முந்நூறு மரம். மனுசனுக்கு முன்னாடி நின்னாலும் என் காலு ரப்பர் மரத்தைத்தான் சுத்திக்கிட்டிருக்கு! அந்தத் தம்பி மூணு அடியில கண்டுபிடிச்சிட்டான். சார் நாலு வருசமா கண்டுபிடிக்கல, தினமும் என்னோட நின்னு பழகி அவருக்கு அதுவே சரின்னு ஆகிருச்சு.

இடப்பக்கம் காலை வச்சேன். கட்டு அவுந்த மாடு மாதிரி தடுமாறிச்சு, ஆனா வச்சேன். அவன் வாள் வலப்பக்கம் காத்தை வெட்டுச்சு, என் வாள் அவன் தோளைத் தொட்டுச்சு. மூணுக்கு ஒண்ணு. அப்புறம் மூணுக்கு ரெண்டு. மூணுக்கு மூணு. அவன் ஒண்ணு, நான் ஒண்ணு. நாலுக்கு நாலு. கடைசி அடிக்கு இடம், வலம்னு யோசிச்சுக்கிட்டே ஒரு கணம் நின்னுட்டேன். அந்த ஒரு கணத்துல அவன் என் கையைத் தொட்டுட்டான்.

தோத்துட்டேன். அந்தத் தம்பி கவசத்தைக் கழட்டி, வேர்வையைத் துடைச்சு, கையைக் குடுத்துக் கேட்டான்: "அண்ணா, மூணாவது அடிக்கப்புறம் நீங்க வேற ஆளா மாறிட்டீங்க. உங்க கோச் யாரு?" நான் வாசல்ல கவுத்துப் போட்ட வாளியைக் காட்டினேன்.

பேச்சு பேச்சுதான். வீட்டுக்கு வந்ததும் கொய்யா வாளையும் மத்த கம்புகளையும் நானே கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்துல வச்சேன். புஷ்பம் தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. பொறுக்க முடியாம கேட்டேன், "சும்மா இருந்திருந்தா நான் மூணோட தோத்திருப்பேன், உனக்கும் நிம்மதி. எதுக்குக் கத்தின?" அவ திரும்பிப் பார்க்காமலே சொன்னா, "நாலு நாளு உங்க மரத்தை வெட்டினேன்ல. ஒவ்வொரு மரத்தடியிலயும் உங்க காலுத் தடம் ஒரே பக்கமா குழி விழுந்து கிடக்கு. அதுல தடுக்கித் தடுக்கித்தான் நடந்தேன். அங்க நீங்க நின்ன நிலையைப் பார்த்ததும் அதே குழிதான் தெரிஞ்சுச்சு. வாய் சும்மா இருக்குமா?"

தேத்தண்ணியைக் குடுத்துட்டு, கொய்யா வாளைத் தூக்கினா. அடுப்புக்குத்தான்னு நெனச்சு நான் வேற பக்கம் பார்த்தேன். அவ பின்னாடி கதவைத் திறந்து போயிட்டா. எட்டிப் பார்த்தா, பலா மரத்துக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் வாளைப் பிடிச்சு நிக்கிறா. இடப்பக்கமா ஒரு அடி. இன்னொரு அடி. அப்புறம் ஒரு வீச்சு. வாள் பட்டைக்கு ஒரு நூல் முன்னாடி வந்து அசையாம நின்னுச்சு. நாலு வருசத்துல எனக்கு ஒரு தடவைகூட அப்படி நின்னதில்லை. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா: "அடுத்த தடவை அந்தக் கண்ணாடித் தம்பிகிட்ட நான் நிக்கிறேன், நீங்க வீட்டுல சோத்தை ஆக்கி வைங்க."

ஆகக்கூடி, நாலு வருசமா ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக் களைச்சவன் இப்ப மத்தியானத்துல நிம்மதியா ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறேன், அதுவும் புகைக்கூடத்து வாசல்ல நின்னு, உள்ள வாள் வீசிக்கிட்டிருக்கிற புஷ்பத்துக்கிட்ட, ஒரு சுண்டு அரிசிக்கு எத்தனை சுண்டு தண்ணின்னு.