கடலை ஆய்ந்த பத்தாம் நாள்

பிடுங்கிய செடியிலிருந்து நிலக்கடலையை ஆயும் பருவத்தில், கீரனூர்ப் பக்கம் ஓர் ஊரில் எலித் தெள்ளுப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல் பரவியது. அதன் வேகத்தைக் கணக்கெடுக்கச் சுகாதார ஆய்வாளரான என்னை அனுப்பினார்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒருவரும் சொல்லவில்லை.

"மேலத்தெரு வீட்டுல கடலை ஆஞ்சு பத்து நாள் கழிச்சு வந்துச்சு சார்," என்றார் ஓர் அம்மா.

"தேதி கேட்டா கடலைக் கதை சொல்றீங்க!" என்று கத்தினேன்.

"ஒங்க காலண்டரு தெள்ளுக்குத் தெரியுமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எரிச்சலோடு அவர்கள் சொன்னபடியே எழுதினேன். முடித்ததும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எந்த வீட்டில் கடலை ஆய்ந்தாலும், அங்கே வேலைக்குப் போனவர்களுக்குப் பத்தாம் நாளை ஒட்டியே காய்ச்சல். செடி குவித்த கொட்டகைகளில்தான் எலிகள் இருந்தன.

கடைசியாக ஆய்ந்த வீட்டுக்கு அன்று எட்டாம் நாள். அங்கே போனது யார் என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "எம் மக போனா சார். மாசமா இருக்கா."

நர்ஸிடம் சொல்லி, காலையும் மாலையும் அவளைப் பார்க்க வைத்தேன். சரியாகப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள்.

என் படிவத்தில் கடலைக்குக் கட்டமே இல்லை.