காப்பிக்கு வைத்த மீட்டர்

கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்த என் மகன் அந்த வருஷம் ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். பெட்டி படுக்கையோடு ஒரு காப்பி மிஷினும் வந்தது. எஸ்பிரஸோ மிஷின் என்றான். கப்பலின் பெரிய இன்ஜினியர் கொடுத்தாராம். ஏன் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல வராதவர் கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

நடந்தது எங்களுக்கு முன்பே தெரியும். நீராவிக் குழாய் வெடித்து, இவனோடு ஒரே அறையில் படுத்திருந்த தூத்துக்குடிப் பையன் போய்விட்டான். இவன் எட்டி நின்றிருந்தான். உடம்பில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. அதுதான் அவனை உள்ளே அரித்தது.

வந்த மறுநாள் குக்கர் வைத்தேன். விசில் அடித்ததும், சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டான். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், கண்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதியில், செருப்பில்லாமல் நின்றான். நான் போய்க் கூப்பிடவில்லை. தானாக வரட்டும் என்று வாசலிலேயே நின்றேன். வந்தான். அன்றைக்கே குக்கரைப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு கஞ்சி வடித்த சோறுதான். கேட்டவர்களிடம், குக்கர் சோறு வயிற்றுக்கு ஆகவில்லை என்றேன். என் பிள்ளைக்குப் பயம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

மிஷின் ரொம்ப நாள் துண்டு போர்த்தி மூலையில் கிடந்தது. ஒரு நாள் மீன் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்தால், நடுக்கூடத்தில் அதைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா பண்ணிகினு கீற?"

"இதுல கீற தெர்மோஸ்டாட் சரியில்லம்மா. ஒரு வாட்டி கொதிக்க வுடுது, ஒரு வாட்டி ஆற வுடுது. ஒரு காப்பி கருகுது, ஒரு காப்பி புளிக்குது. டிஜிட்டல் கன்ட்ரோலர் வாங்கி மாட்டப் போறேன். எம்மாம் சூடு கீதுன்னு நம்பர்ல காட்டும். சொன்ன நம்பர்லயே நிக்க வைக்கும்."

"என் ஃபில்டர் காப்பி நம்பர் பாத்தா எறங்குது?"

திருப்புளியை உருட்டினான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்: "அன்னிக்கு முள்ளு சரியாத்தாம்மா நின்னுகினு இருந்துச்சு."

எந்த முள் என்று நான் கேட்கத் தேவையில்லை. கப்பலில் அந்த நீராவிக் குழாயின் மீட்டரில் இருந்த முள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய் அந்தக் கன்ட்ரோலர் பெட்டியை வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முகத்தில் சிவப்பாக எண் எரியும். மிஷினுக்குள் ஒரு சின்னப் பித்தளைக் கொதிகலன் இருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியின் முனையை அதன்மேல் வைத்து, டேப்பால் இறுக்கி ஒட்டினான். சூடு எவ்வளவு என்று அந்த முனைதான் பெட்டிக்குச் சொல்லுமாம். பெட்டிக்குச் சரியான இடம் அமையாததால் மிஷினின் மேல்மூடியை மூடாமலே வைத்திருந்தான்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண் அப்படியில்லை. காசிமேட்டு ஏலத்தில் நின்று மீன் எடுத்தவளுக்கு எண் ஓடாதா? முப்பதில் தொடங்கி ஏறும். தொண்ணூற்று மூன்றில் போய் நிற்கும்.

"நூறத் தாண்டாதும்மா. தாண்ட வுடாது" என்பான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மிஷின் பக்கத்தில் நின்றான். முதலில் நிலைப்படியிலிருந்து எண்ணைப் பார்த்தான். அப்புறம் அடுப்படிக்குள். அப்புறம் கை எட்டும் தூரத்தில். ஆனால் பால் காய்ச்ச நீராவி விடுகிற குழாயின் திருகை மட்டும் தொடவே மாட்டான். பாலை நான்தான் அடுப்பில் காய்ச்சுவேன்.

எதிர்வீட்டுக்காரி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "ஊர்ல ஆட்டோக்கே மீட்டர் ஓட மாட்டேங்குது, உன் வூட்ல காப்பிக்கு ஓடுதுக்கா" என்றாள். அவன் சிரித்தான். கப்பலிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அவன் பல்லைப் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷத்தில் அந்த ஒரு நாள் வீட்டில் இருக்கிற இரும்பெல்லாம் அவர் கைக்குப் போகும். ஸ்பேனர், சைக்கிள், என் அரிவாள்மணை, எல்லாம் கழுவி, துடைத்து, பொட்டு வைப்பார். அந்த வருஷம் மிஷினையும் எடுத்துக்கொண்டார். மகன் பொரியும் வாழைக்கன்றும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். பித்தளைமேல் பிசுபிசுவென்று டேப் ஒட்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. உரித்துப் போட்டார். புளி போட்டுத் தேய்த்தார். கொதிகலன் தங்கம் மாதிரி ஆனது. சந்தனம், குங்குமம் வைத்தார். தொங்கின கம்பியை அழகாகச் சுருட்டி, நூல் போட்டுப் பக்கத்தில் கட்டினார். பளபளப்பைப் பார்த்து நானும் நன்றாக இருக்கிறது என்றேன். பூஜையில் வைத்த சாமானை அன்று யாரும் தொடுவதில்லை. அதனால் மகனும் கவனிக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. முதல் காப்பி தன் கையால் போட வேண்டும் என்று அவர்தான் சுவிட்சைப் போட்டார். மகன் முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, முப்பத்தொண்ணுலயே நின்னுகினு கீது" என்று அவர் குனிந்து பார்த்தார்.

கம்பி முனை பித்தளையைத் தொடாததால், முப்பத்தொன்று காட்டிக்கொண்டே உள்ளே கொதித்திருக்கிறது. முதலில் மிஷின் உறுமியது. அப்புறம் சீறியது. குக்கர் விசிலெல்லாம் ஒன்றுமில்லை, அப்படி ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி பீறிட்டு அடுப்படியே தெரியவில்லை. அதற்குள்தான் அவர் நின்றார். நான் ரோட்டுப் பக்கம்தான் பார்த்தேன், மகன் ஓடியிருப்பான் என்று.

அவன் ஓடவில்லை. முகத்தில் சோப்போடு உள்ளே போனான். "நைனா, பின்னால வா!" என்று ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். மறு கையால் பிளக்கைப் பிடுங்கினான். வெளியே வரவில்லை. சீறல் குறைந்து, குறைந்து, அடங்கும்வரை அங்கேயே நின்றான். கன்னத்தில் சோப்பு காய்ந்துபோயிருந்தது.

அவருக்கு முன்கையில் மட்டும் சிவந்திருந்தது. சுருட்டிக் கட்டின கம்பியை மகன் பார்த்தான். அப்பாவும் பார்த்தார்.

"அழுக்கா கீதேன்னு நான்தான்டா..."

"வுடு நைனா. நீ நல்லாத்தான் தொடச்சிகீற."

கொதிகலன் ஆறியதும் புது டேப் வெட்டிக் கம்பியை ஒட்டினான். மறுபடி சுவிட்சைப் போட்டான். எண் ஏறியது. காப்பி இறங்கியது. நான் பாலை அடுப்பில் வைக்கப் போனேன். "இருக்கட்டும்மா" என்று கிண்ணத்தை வாங்கி, பெட்டியில் எண்ணை நூற்றுக்கு மேலே ஏற்றி வைத்து, நீராவித் திருகை அவனே திறந்தான். கிண்ணத்தை ஆவிக்குக் கீழே பிடித்தான். நான் பார்க்காத மாதிரி வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய்வந்தான். பொங்கலுக்கு அவன் வீட்டில் இல்லை. அவன் தேற வேண்டும் என்று எந்த அம்மனிடமெல்லாம் வேண்டினேனோ, அதே அம்மனிடம் போய் அவனை நிறுத்தி வை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அங்க முள்ளு சரியா நின்னுகினு இருந்தா இன்னாடா பண்ணுவ?"

"கைய வச்சிப் பாப்பேம்மா."

"வெந்துடுமேடா."

"கிட்டக்க வச்சா போதும்."

அவன் போன மறுநாள் காலையில் மிஷினை நானே போட்டேன். தொண்ணூற்று மூன்று வந்து நின்றது. அதை அப்படியே நம்பிவிடாமல், மூடாத மேல்பக்கமாகக் கையை நீட்டிப் பித்தளைக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். இருந்தது சூடு. அதற்குப் பிறகுதான் டம்ளரை எடுத்தேன்.

"குக்கரை எறக்கட்டா?" என்று அவர் பரணைப் பார்த்தார்.

வேண்டாம், எனக்கு வயிற்றுக்கு ஆகவில்லை என்றேன். எங்கள் வீட்டில் இப்போதும் கஞ்சி வடித்த சோறுதான்.