விறகறையில் புகையப்பன்

புகையப்பன் என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் என் அக்காவின் கணவர். யுத்த காலம். அத்திம்பேருக்கு ஹார்பரில் குமாஸ்தா வேலை. வெள்ளைக்காரச் சிப்பாய் எவனோ கப்பலில் படித்துவிட்டுப் போட்டுப் போன படக்கதைப் புத்தகம் ஒன்றை, தலை தீபாவளிக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தார். அட்டை கிழிந்த புத்தகம்தான். ஆனாலும் அன்று என் புதுப் பட்டுப்பாவாடையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது, இங்கிலீஷ் தெரியாது. அத்திம்பேர்தான் படம் படமாகக் காட்டிக் கதை சொன்னார். பொல்லாத திருடன் ஒருவன். கழுத்துப் பொத்தானைத் திருகினால் காலிலிருந்து கரைந்து புகையாகிவிடுவான். கதவிடுக்கு வழியே பாங்கிக்குள் நுழைந்து பணத்தை அள்ளிக்கொண்டு, மறுபடி புகையாகி வெளியே வந்துவிடுவான்.

"பணமும் புகையாயிடுமா அத்திம்பேர்?"

"அதெல்லாம் கேக்கப்படாது. கதையைக் கேளு."

புகைக்குள் அவன் கண் மட்டும் சிவப்பாக எரியுமாம். ஈரத்துணியால் கதவிடுக்கை அடைத்தால் தப்ப முடியாமல் மாட்டிக்கொள்வானாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குப் புகை என்றாலே ஆகாது. எங்கள் வாசலில் ஒதுங்கி பீடி பற்றவைத்த ரிக்ஷாக்காரனை ஒருநாள் விரட்டினார். அவன், "இன்னா சாமி, தெருவும் உன்னுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். "என் மாப்பிள்ளைக்கு வெத்தலை போடற பழக்கம்கூடக் கிடையாது" என்று தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்கும் அதில் பெருமை தாங்காது.

தீபாவளியன்று கங்கா ஸ்நானம், பட்சணம், காபி எல்லாம் ஆனது. பட்டாசு கிடைக்காத வருஷம், அதனால் தெருவில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நான் கொல்லைப்பக்கம் போனேன். விறகறைக் கதவிடுக்கில் சன்னமாகப் புகை வந்துகொண்டிருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் சிவப்பாக இரண்டு கண்கள்!

பயமாகத்தான் இருந்தது. ஆனால் கதை கேட்டவளாயிற்றே! சத்தம் போடாமல் வெளி நாதாங்கியை மாட்டினேன். கொடியில் சொட்டச் சொட்ட உலர்ந்துகொண்டிருந்த புடவையை இழுத்துக் கீழ் இடுக்கில் திணித்தேன். அப்புறம்தான் கத்தினேன்.

"புகையப்பன் மாட்டிண்டான்! எல்லாரும் ஓடி வாங்கோ!"

அம்மா முதலில் பார்த்தது புடவையைத்தான். "அடி பாவி, மடிப் புடவைடீ!" என்று அலறினாள். அக்கா வந்தாள். பக்கத்து ஆத்து மாமி இரண்டு பெண்களோடு வந்தாள். எதிர் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து இருமல், கதவைத் தட்டும் சத்தம். அம்மா நாதாங்கியை எடுத்தாள்.

உள்ளேயிருந்து அப்பா வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அத்திம்பேர். கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளிறிப்போயிற்று. அப்புறம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"விறகு எடுக்கலாம்னு வந்தா இப்படியா? மாப்பிள்ளே, இதெல்லாம் நம்மாத்துல ஆகாது. இத்தோட விட்டுடுங்கோ."

அத்திம்பேர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். தலை குனிந்தது.

"மன்னிச்சுக்கோங்கோ மாமா."

விறகறைத் தரையில் இரண்டு சிகரெட்டுகள் புகைந்துகொண்டு கிடந்தன. இரண்டையும் நான் பார்த்தேன். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு சிகரெட் குடிக்கிற மனுஷரா இவர் என்றுதான் தோன்றியது. சே, இவரிடமா கதை கேட்டோம் என்று உடம்பெல்லாம் கூசியது. மாமியின் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்கா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "தெருவே பாத்துண்டு நின்னுது. இனிமே மாமி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள். அம்மா படக்கதைப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை.

பந்தியில் அத்திம்பேர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்கா பரிமாற வரவில்லை. அப்பா இலையில் பிசைந்த சாதம் அப்படியே இருந்தது. சாப்பாடு ஆனதும் அத்திம்பேர் என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, "புஸ்தகம் போனா போறது, மீதிக் கதையை வாயாலேயே சொல்றேன் வா" என்றார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் அக்காவை அழைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

பொங்கலுக்குத்தான் மறுபடி வந்தார். அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் பெரிய அதிகாரி வீட்டுக்கு வந்தபோதுகூட உட்கார்ந்தபடியே கை கூப்பியவர் அவர். அத்திம்பேர் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்கோ மாமா" என்று அத்திம்பேர் சொன்ன பிறகும் நின்றுகொண்டேயிருந்தார். அன்று மட்டுமில்லை, அப்பா கண்ணை மூடும் வரைக்கும் அப்படித்தான்.

"எதுக்கும்மா அப்பா எழுந்துக்கறா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான்" என்றாள் அம்மா.

இவ்வளவு பெரிய தப்புப் பண்ணினவருக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.