முடுக்கில் சிமெண்ட் போடக் கேட்டு எழுதிய மனு

தென்காசியில் நாங்கள் குடியிருக்கும் முடுக்கில் ஆறு வீடுகள். இரண்டு ஆள் தோள் இடிக்காமல் நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். தெருப்பக்கம் மேடு, உள்ளே போகப் போகத் தாழ்வு. எங்கள் வீடு மூன்றாவது. எல்லாவற்றுக்கும் தாழ்வாக இருந்த கடைசி வீடு மண் சுவர் வைத்து ஓடு வேய்ந்தது. அதில் பீடி சுற்றும் ஒரு அக்கா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூடை தூக்கும் தன் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி வந்தபோது முடுக்கு முழுக்கப் பழைய கல் பரப்பியிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதில் ஆற்று மணல். குற்றாலச் சீசனில் நாள் பூராவும் சாரல் விழும். ஐப்பசியில் மழை கொட்டும். முடுக்கில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. ஏன் நிற்கவில்லை என்று யோசித்ததுமில்லை.

என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த மணல்தான். மகள் தவழத் தொடங்கியதும் நேராகக் கல் இடுக்குக்குத்தான் போவாள். ஆட்காட்டி விரலால் நோண்டி, மணலை வாயில் போட்டுக்கொள்வாள். விரலில் வேப்பெண்ணெய் தடவினேன். வாசலில் பலகையை வைத்து அடைத்தேன். பலகைக்கு மேலே ஏறி விழுந்தாள். வயிற்றில் பூச்சி என்று மூன்றாம் தடவை மருந்து எழுதிய டாக்டர், "புள்ளைய மண்ணுல விட்டா நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். நான் வீடு வரும்வரை அழுதேன். பண்பொழி மலைக் கோயிலுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். கூடவே நகராட்சிக்கு ஒரு மனுவும் எழுதினேன்.

முடுக்கில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். தந்தி வந்தாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். 'சுகாதாரக் கேடு' என்ற சொல்லை மனுவில் இரண்டு இடத்தில் போட்டேன். ஐந்து வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். அக்கா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி எழுதியிருக்க? எங்கள ஊரவிட்டுத் தள்ளச் சொல்லியா?"

"முடுக்குல சிமெண்ட் போடச் சொல்லிக்கா. கல்லு இடுக்குல பூரா மண்ணும் பூச்சியுமா கெடக்குல்லா."

"நல்லதுதான். மழத்தண்ணி எங்கன போகும்?"

"தேங்காதுக்கா. வழுவழுன்னு ஓடிரும்."

"ஓடி எங்கன போகுங்கேன்."

"அதெல்லாம் முனிசிபாலிட்டிக்காரங்க பாத்துக்கிடுவாங்க" என்றேன்.

"படிச்சவ சொல்லுத, போட வேண்டியதுதான்." தூள் பட்ட விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

யாருமே எதிர்பார்க்கவில்லை, ஆறு மாதத்தில் வேலை தொடங்கிவிட்டது. கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த கொத்தனார் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தாயி, ஒரு ஓரமா ஒரு அடிய விட்டுட்டுப் போடட்டுமா? அதுல ஜல்லியும் மணலும் கொட்டிட்டா தண்ணி கீழ எறங்கிரும். பூராவும் மூடினா பூமி எப்படிக் குடிக்கும்?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. புள்ள இருக்கு. சுவரோட சுவரா மூடிருங்க."

அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை. மனு எழுதியவள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சீசன் முழுக்க நான் நிம்மதியாக இருந்தேன். மகள் சிமெண்டில் நடந்து திரிந்தாள். கூட்டிவிட்டால் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை பார்த்த என் கணவர், சீசன் கூட்டத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். வந்தவர், "நம்ம லாட்ஜ் வராந்தாவ விட நல்லாயிருக்கே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சாரல் லேசானதுதான். வழிந்த கொஞ்சத் தண்ணீரும் காற்றில் காய்ந்துவிட்டது.

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு மத்தியானம் பெய்தது. ஆறு வீட்டுக் கூரைத் தண்ணீரும் முடுக்கில் விழுந்து ஓடியது. எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏலே, சாக்க எடுங்கலே, சாக்க எடுங்க."

குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடினேன். அவள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பீடி இலை நனைந்தால் ஒன்றுமில்லை, அதை நனைத்துத்தான் வெட்டுவார்கள். புகையிலைத் தூளும், கட்டி அடுக்கிவைத்திருந்த பீடியும் நனைந்துவிட்டன. அந்த வாரம் சுற்றியது அத்தனையும். தட்டாலும் அரிசி புடைக்கிற சொளகாலும் தண்ணீரை வாரி வெளியே இறைத்தோம். "இனி நாங்க குத்தாலம் போக வேண்டாம்ட்டி, அருவி வீட்டுக்கே வந்துட்டு" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் அவள் புருஷன் அதே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். எங்கள் வீட்டு முன்னாலிருந்து கீழே வரைக்கும் ஓரத்தில் ஒரு அடியை உடைத்து ஜல்லி போட்டால் போதும், தண்ணீர் வேகம் பிடிக்கும் முன்னே இறங்கிவிடும் என்றார் கொத்தனார். அரை நாள் வேலை, கூலி வேண்டாம் என்றும் சொன்னார். என் கணவர் அன்று வீட்டில்தான் இருந்தார். "நீ எழுதின மனு, நீயே சொல்லு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் மனதில் என்னென்னவோ ஓடியது. மகள் ஜல்லியை விழுங்கிவிட்டால்? சர்க்கார் போட்ட சிமெண்டை உடைத்தால் கேஸ் வருமோ? கேட்டு வாங்கியதை ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் முடுக்கில் என்னை என்ன சொல்வார்கள்? இதில் கடைசியாகச் சொன்ன காரணத்தைத்தான் மனதில் முதலில் நினைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

"மழ முடியட்டும் அண்ணாச்சி. தை மாசம் பாத்துக்கிடலாம்" என்றேன்.

"சரிம்மா" என்றார் அக்காவின் புருஷன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளில் நான்கு மழை. ஒவ்வொரு மழைக்கும் அவர்கள் வாசலில் மண் மூடை அடுக்கினார்கள். தண்ணீர் உள்ளே போகவில்லை, சுவரடியில் நின்றது. ஒரு காலையில், அக்கா புருஷன் மார்க்கெட்டுக்கும், அக்கா பீடிக் கடைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில், மண் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. போய்ப் பார்த்தேன். கொடியில் போட்ட துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் மூடிவைத்த சோற்றுப்பானை முடுக்கிலிருந்தே தெரிந்தது.

அந்த வாரமே பாவூர்சத்திரத்தில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

தை மாதம் நானே கொத்தனாரைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். காலையில் ஆரம்பித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார். யாரும் வந்து ஏன் உடைத்தாய் என்று கேட்கவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு முடுக்கில் தண்ணீர் ஓடவில்லை. பூட்டிக் கிடந்த கடைசி வீட்டுப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அந்த இடம் வெறும் ஈரமாகத்தான் இருந்தது.

அதை அக்காவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பஸ் ஏறிப் போனேன். கேஸ், ஜல்லி, குழந்தை என்று என் பக்கத்துக் காரணங்களைப் பஸ்ஸிலேயே வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன்.

"வாட்டி. புள்ளையக் கூட்டிட்டு வரலையா?"

"பால்வாடிக்குப் போயிருக்காக்கா." உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி எறங்குதா?"

"எறங்குதுக்கா. சொட்டு நிக்கல."

அவள் ஒரு பீடியைச் சுற்றி நூலைக் கட்டினாள். "நானே வந்து கேட்டிருக்கணும்ட்டி. அவுகள அனுப்பினது எந் தப்புதான். ஆம்பளைக்கு என்ன கேக்கத் தெரியும்? நான் வந்து கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்ட."

"சொல்லியிருக்க மாட்டேன்க்கா" என்றேன்.

அவள் டீ போட எழுந்து போனாள். சொல்லியிருக்க மாட்டேனா என்பது எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.