பத்து மணி வெயில்

கலாராணி அந்த ஒரு காட்சியைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். படத்தின் வரிசையில் அது ஐந்தாவது. அவளோ நாற்பது காட்சிகளை முடித்த பிறகுதான் அதைத் தொட்டாள்.

பதுளையில், ஹாலிஎல போகிற பாதையோரம், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே அவளுக்கு வாடகை அறை. அங்கே இருந்தபடிதான் கொழும்பில் உருவாகும் ஒரு முழுநீள அனிமேஷன் படத்துக்கு வேலை செய்தாள். உருவங்கள் அசையத் தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும், நிழலுக்கு என்ன நிறம், யார் முகம் தெரியும், யார் முகம் இருட்டில் போகும் என்பதையெல்லாம் ஓர் ஓவியமாகத் தீட்டிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் செய்வார்கள்.

படம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிறுமியைப் பற்றியது. ஐந்தாவது காட்சியில் அவளுடைய அம்மா வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறாள்.

கலாராணியின் அம்மா விஜயலெட்சுமியும் அப்படித்தான் போனாள். ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்திலிருந்து, ஏஜென்சிக்காரரின் வேனில் ஏறி, குவைத்துக்கு. அப்போது கலாராணிக்கு எட்டு வயது. மூன்றாம் வருடம் அம்மா பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா போன காலையை அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். மூடுபனி, தூறல், அம்மாவின் கறுப்புக் குடை, தான் அழுதுகொண்டே வேனுக்குப் பின்னால் ஓடியது. படத்தின் இயக்குநர் முன்ஸிப் பண்டாரவளைக்காரர்; அண்ணன் முறையில் அவரை அவள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள். அவரும் இந்தக் கதையைக் கேட்டிருந்தார். அதனாலேயே அந்தக் காட்சியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இரண்டு நாளில் தீட்டினாள். திரை முழுக்க நீலச் சாம்பல். லயத்து வாசல் பல்பு மட்டும் கொஞ்சம் மஞ்சள். பனிக்குள் கரைந்து போகும் ஒரு குடை. அனுப்பிய மறுநாள் காலையில் முன்ஸிப் அழைத்தார்.

“கலா, இதப் பாத்துட்டு என்ட பொஞ்சாதி அழுதுட்டா. இதுல ஒரு புள்ளிகூட மாத்த வேணாம்.”

அந்த வாரம் அவளுடைய அப்பா நல்லையா பிரஷர் கிளினிக்குக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பகல் சாப்பாட்டுக்கு அவள் அறைக்கு ஏறி வந்தார். மகள் செய்வது என்ன வேலை என்று அவர் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. அன்றைக்குத் திரையில் அந்த ஓவியம் திறந்திருந்தது. கிட்டப் போய் நின்று பார்த்தார்.

“இது நம்ம லயமா?”

“ஆமாப்பா. அம்மா போன அன்னைக்கு.”

“அன்னைக்கு மழ இல்லியேம்மா,” என்றார். “நல்ல வெயிலு. பத்து மணி இருக்கும்.”

“இல்லப்பா. தூறல். அம்மா குட பிடிச்சிருந்திச்சுல்ல?”

“வெயிலுக்குத்தான் பிடிச்சிச்சு. மழையும் மூடுபனியும் பொட்டி வந்த அன்னைக்கு.”

கலாராணி கதிரையில் உட்கார்ந்தாள். “நான் வேனுக்குப் பின்னால ஓடுனேனே?”

சொல்லியிருக்கக் கூடாது என்று நல்லையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் சொன்னார்.

“நீ வாசல்ல பாண்டி வெளாண்டுகிட்டு இருந்த. அம்மா ரெண்டு தரம் கூப்பிட்டிச்சு. ‘இரும்மா, கால ஊனுனா அவுட்டு’ன்னு சொன்ன. திரும்பியே பாக்கல. கீழ ரோட்டுல வேன்காரன் ஹோர்ன் அடிச்சிக்கிட்டே இருந்தான். அம்மா போயிருச்சு.”

“ஏன்ப்பா இவ்வளவு காலமா சொல்லல?”

“சின்னதுல இருந்தே மழன்னு சொல்லிக்கிட்டு இருந்த, ஓடுனேன்னு சொன்ன. ஓடுனதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் அழவில்லை. எழுந்து போய் அப்பாவுக்குச் சோறு போட்டாள். பருப்பை ஊற்றும்போது கேட்டாள்.

“அம்மா கோவிச்சுக்கிச்சாப்பா?”

“சேச்சே. சிரிச்சிக்கிட்டே தான் ரோட்டுக்கு எறங்கிச்சு.” மகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் அடுத்ததையும் சொன்னார். “வேன்ல ஏறுறப்ப எங்கிட்ட சொல்லிச்சு, ‘நல்லவேள, புள்ள வெளாட்டுல இருக்கா. அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன்’னு.”

கையில் கரண்டியோடு கலாராணி அப்படியே நின்றாள். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்னது என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் காட்டிக்கொள்ளவில்லை. நாலு மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்துதான் கதவைச் சாத்தினாள்.

மூன்று நாள் எதையும் தொட முடியவில்லை. நாலாம் நாள் புதிதாகத் தொடங்கினாள். நீலத்தை எல்லாம் எடுத்துவிட்டு, உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும் சூரியனை வைத்தாள். தேயிலைக் கொழுந்துகள் பளபளத்தன. காய்ந்த வாசலில் கோடு போட்ட கட்டங்கள், ஒற்றைக் காலில் ஒரு பிள்ளை. படத்திலேயே வெளிச்சமான இடம் அந்தப் பிள்ளையின் முகம்தான். அம்மா ஓரத்தில், குடையின் சிறிய நிழலுக்குள், முகம் தெரியாமல் நின்றாள்.

முன்ஸிப் அதைப் பார்த்துவிட்டு உடனே அழைத்தார்.

“என்ன கலா இது? மத்தது எவ்வளவு நல்லா இருந்திச்சு! இதப் பாத்தா அந்தப் புள்ளட உம்மா கடைக்குப் போறா மாதிரியெல்லா இருக்கு.”

“அந்தப் புள்ளைக்கும் அப்படித்தான் தெரிஞ்சிச்சு, நானா.”

அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

“விஷயத்தச் செல்லுங்க,” என்றார் முன்ஸிப் கடைசியில், குரல் இறங்கி. “என்ன நடந்திச்சு?”

அவள் சொன்னாள். அம்மா வேனில் ஏறும்போது சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஓவியமே படத்தில் போனது. அடுத்த வருடம் பதுளையில் ஒரு மண்டபத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டினார்கள். ஐந்தாவது காட்சியில் சிறுமி ஒற்றைக் காலில் தடுமாறித் தடுமாறித் தாவியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த கலாராணி, மடியில் வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. சிரிக்கத்தக்கதாகத்தான் அவள் அதைத் தீட்டியிருந்தாள்.

அப்பா படம் பார்க்க வரவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்த ஓவியத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லயத்துக்குக் கொண்டுபோனாள். நல்லையா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். குடையின் மேல் ஒரு தரம் விரலை வைத்தார்.

“நல்லா இருக்கும்மா. இப்பிடித்தான் இருந்திச்சு.”

ஆணி அடிக்க அவள் சுவரில் இடம் தேடினாள்.

“வேணாம்மா,” என்றார் அப்பா. “நான் தனியா இருக்கவன். தெனமும் இதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது.”

அவள் சட்டத்தை மறுபடி பழைய பெட்ஷீட்டில் சுற்றினாள். அப்பா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். இருவரும் குடித்தார்கள். அவள் பதுளைக்குப் போகிற பஸ்ஸில் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தாள்.